பிளேனுக்குள் குடை

1

போன ஐப்பசியில் ஒரு புதன்கிழமை பின்னேரம், நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்தின் கூடத்தில் இருந்த அத்தனை பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபோது, நான் மட்டும் அழுதுவிட்டேன். ஏதோ லேசாகக் கண் கலங்கினேன் என்று நினைத்துவிடாதீர்கள். தேத்தண்ணித் தட்டை மேசையில் வைத்துவிட்டு, ஏப்ரனில் மூக்கைச் சிந்தி, தோள் குலுங்க அழுதேன். டெரெக் என்ற கிழவர் தன் சக்கர நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்த அம்மாளிடம், “பாவம், இந்தப் பெண் ஏற்கெனவே இந்தப் படத்தைப் பார்த்திருக்கிறாள் போல” என்றார். அதற்கும் எல்லாரும் சிரித்தார்கள்.

பார்த்திருக்கிறேன்தான். அதுதான் சங்கடம்.

இது இங்கிலாந்தின் வடக்கே ஒரு சின்ன டவுன். மழைக்கு இங்கே பஞ்சமில்லை. புதன்கிழமை தோறும் இல்லத்தில் பழைய படம் போடுவோம். அன்றைக்குப் போட்டது ஒரு சிரிப்புப் படம். விமானம் விழுகிறது, கப்பல் கவிழ்கிறது, கட்டடம் எரிகிறது என்று ஒரு காலத்தில் வரிசையாக எடுத்துத் தள்ளினார்களாம். அந்தப் படங்களையெல்லாம் நக்கலடிப்பதற்காகவே எடுத்த படமாம் இது. மேனேஜர் ஹெலன் படம் போடுவதற்கு முன் இப்படித்தான் விளக்கம் சொன்னாள். நான் பிஸ்கட் அடுக்கிக்கொண்டு அரைக் காதாகக் கேட்டேன். திரையில் ஒரு பிளேன் தள்ளாடுகிறது, அதற்குள்ளே ஒரு மனிதர் கோட்டும் சூட்டுமாக உட்கார்ந்தபடி மெதுவாகக் குடையை விரிக்கிறார். அந்தக் குடையைக் கண்டதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது, இலங்கை மலைநாட்டில் கொஸ்லந்தைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் இதே படத்தைப் பார்த்தோம். எங்கள் தோட்டத்தில் இது அழுகைப் படம். செபமாலை சொல்லிப் பார்த்த படம்.

2

அது தவக்காலம். வருசா வருசம் தவக்காலத்தில் ஃபாதர் பண்டாரவளையிலிருந்து டீவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து வந்து, ஆண்டவருடைய பாடுகளைக் காட்டுகிற படம் போடுவார். அந்த வருசம், கசெட் வாடகைக்கு விடுகிற முஸ்லிம் நானாவின் கடையில் அந்தக் கசெட் வேறொரு தோட்டத்துக்குப் போய்விட்டதாம். நானா நல்ல மனிதர், ஃபாதரை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல், “இது எடுத்துட்டுப் போங்க ஃபாதர், குடும்பமாப் பார்க்கிற படம்” என்று ஒன்றைக் கொடுத்திருக்கிறார். ஃபாதருக்குத் தோட்டத்தின் அடுத்த டிவிஷனில் சிலுவைப்பாதை. கசெட்டை என் அண்ணன் சேவியரின் கையில் திணித்து, “நீதான் இங்கிலீஷ் படிச்சவன், சனங்களுக்கு விளக்கிச் சொல்லு” என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

எங்கள் லயத்தில், அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளில், இங்கிலீஷில் பாஸ் பண்ணிய முதல் ஆள் என் அண்ணன். எங்களுக்கெல்லாம் அவன்மேல் அவ்வளவு பெருமை. அவனுக்கே அவன்மேல் அதைவிடப் பெருமை. மைக்கைக் கையில் எடுத்து, டீவிக்குப் பக்கத்தில் விறைப்பாக நின்றுகொண்டான். அவன் நின்ற விதம் எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது. எங்கள் பெரட்டுக்களத்தில், அதாவது காலையில் ஆட்களை நிறுத்தி வேலை பிரிக்கிற இடத்தில், தோட்டத்து மேனேஜரான தொரை இங்கிலீஷில் இரண்டு வார்த்தை சொல்வார். கணக்கப்பிள்ளை பக்கத்தில் நின்று, கையைக் கட்டிக்கொண்டு, முகத்தில் ஈ உட்கார்ந்தாலும் அசையாமல், அதைத் தமிழில் உரக்கச் சொல்வார். அண்ணன் கண்ட மொழிபெயர்ப்பு அது ஒன்றுதான்.

படம் ஓடியது. பிளேனின் கேப்டன் தன் அம்மாவுக்குப் போன் போட்டு, பிளேனை எப்படி ஓட்டுவது என்று கேட்கிறார்.

“கேப்டன் கடைசியாத் தன் தாய்கிட்ட ஆசீர்வாதம் கேக்குறார்” என்றான் அண்ணன்.

மண்டபத்தில் ஒரு பெருமூச்சு. டாக்டர் காயம்பட்டவர்களை விட்டுவிட்டுத் தன் தலைக்கே கட்டுப் போட்டுக்கொள்கிறார். “மத்தவங்க வேதனையப் பார்த்து டாக்டருக்குத் தலையே வெடிக்குது” என்றான். பிளேன் ஒரு பக்கம் சாய்ந்துகொண்டே போகிறது, பணிப்பெண் ஒவ்வொரு ஆளாகக் குனிந்து தேத்தண்ணி ஊற்றுகிறாள், சீனி போடவா வேண்டாமா என்று கேட்கிறாள். அண்ணன் மைக்கை வாய்க்கு இன்னும் கிட்டே கொண்டுபோனான். “சாகப் போறவங்களுக்குக் கடைசித் தேத்தண்ணி” என்றான். எங்கள் அம்மா அன்றைக்கெல்லாம் கொழுந்து பறித்துவிட்டு வந்து, விரலில் கறையோடு உட்கார்ந்திருந்தவர், “ஐயோ, நம்ம தேயிலயாத்தான் இருக்கும்” என்று முந்தானையை வாயில் வைத்து அழ ஆரம்பித்தார். பெண்கள் வரிசை முழுக்க அழுதது.

அப்புறம்தான் அந்தக் குடை. அண்ணன் பதறிவிட்டான். “மாதாவே! பிளேன் கூரை ஒழுகுது!” என்றான்.

எங்களில் ஒருவருக்கும் அதில் சந்தேகம் வரவில்லை. எங்கள் காம்பராவில், லயத்தில் எங்களுக்கு இருந்த ஒற்றை அறையில், மழை பெய்தால் அப்பா குடைக்குக் கீழே உட்கார்ந்துதான் சோறு சாப்பிடுவார். கூரைத் தகரத்தில் ஓட்டை, குடையை விரித்தார், அவ்வளவுதானே. ஒழுகுகிற பிளேன் எத்தனை நேரம் தாங்கும்? மண்டபம் எழுந்து முழங்காலில் நின்றது. உபதேசியார் செபமாலையை ஆரம்பித்தார். திரையில் இருந்தவர்கள் என்னென்னமோ கூத்து பண்ணினார்கள், நாங்கள் கண்ணை மூடி அவர்களுக்காக மன்றாடினோம். கடைசியில் பிளேன் ஒருவழியாகத் தரை இறங்கியது. ஆஹா, அந்தக் கைதட்டலைக் கேட்க வேண்டுமே! எங்கள் செபம்தான் இறக்கியது என்று அன்றைக்கு நாங்கள் எல்லாரும் நம்பினோம். அண்ணனைத் தோளில் தூக்காத குறை.

3

உண்மை தெரிய வந்தது சில வருசம் கழித்து. சவுதிக்கு வீட்டு வேலைக்குப் போய் வந்த ராசாத்தி அக்கா, பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கும்போது சொன்னாள்: “அந்த வீட்டுப் புள்ளைங்க ஒரு படம் போட்டுப் பார்த்துச் சிரிச்சுதுங்க. எட்டிப் பார்த்தா, நம்ம பிளேன் படம்! அது சிரிப்புப் படமாம்டி!”

ஊர் வாய்க்கு மூடி கிடையாது. அன்றிலிருந்து என் அண்ணன் ‘பிளேன் சேவியர்’. கடைக்குப் போனால் பிளேன், பூசைக்குப் போனால் பிளேன். தெமோதரையிலிருந்து அண்ணி கல்யாணமாகி வந்த அன்றைக்கே, எங்கள் பக்கத்துக் காம்பரா குரூஸ் அண்ணன், “புதுப்பொண்ணே, குடை கொண்டு வந்தியா?” என்று கேட்டு மானத்தை வாங்கினார். அண்ணன் சண்டை போடவில்லை. அந்தப் பெயரைச் சொன்ன ஆளோடு பேச்சை நிறுத்தினான். அப்படியே பாதி லயத்தோடு அவனுக்குப் பேச்சில்லாமல் போயிற்று. இங்கிலீஷையும் அத்தோடு விட்டான். தோட்டத்துத் தேயிலை ஃபெக்டரியில் வேலைக்குப் போனான். நான் படித்து, நர்சிங் பழகி, கலியாணம் கட்டி, இங்கே வந்து சேர்ந்தேன்.

அவனை நான் ஒருநாளும் கேலி செய்ததில்லை. எப்படிச் செய்வேன்? இங்கே வந்த புதிதில் எனக்கு நடந்ததைக் கேளுங்கள். வேலைக்குச் சேர்ந்த வாரம், ஹெலன் என்னிடம் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல், “டெரெக்குக்கு இரண்டாவது பிஸ்கட் வேண்டுமென்றால் முதலில் ஒரு பாட்டுப் பாட வேண்டும்” என்றாள். நான் தலையாட்டினேன். பின்னேரம் டெரெக் கையை நீட்டினார். நான் பிஸ்கட்டை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, “முதலில் பாட்டு” என்றேன். அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். மனிதர் தொண்டையைச் செருமிக்கொண்டு முழுப் பாட்டையும் பாடினார். கூடமே கைதட்டியது. ஹெலன் ஓடி வந்து, “ஸ்டெல்லா, நான் ஜோக் அடித்தேன்!” என்று தலையில் கை வைத்தாள். அப்படியானால் சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கலாமே? இந்த நாட்டுக்காரர்கள் சாவுச் செய்தியையும் பகிடியையும் ஒரே முகத்தோடு சொல்கிறார்கள். எது எதுவென்று பிரித்துப் பார்க்க எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. ஆனால் டெரெக் அன்றிலிருந்து பாடாமல் இரண்டாவது பிஸ்கட்டைத் தொடுவதில்லை.

4

புதன்கிழமை அழுததை வீட்டில் சொன்னேன். வீட்டுக்காரர் பஸ் ஓட்டிவிட்டு வந்த அலுப்பில் தூங்கிப்போனார். மகன் ஜோயலுக்குப் பதினாறு வயது. தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் வரும், இங்கிலீஷில் கேட்டால் பதிலே வராது. அவன் அன்றைக்கு அதிசயமாகப் போனைக் கீழே வைத்து, “அந்தப் படத்தையா சீரியஸ்னு நெனச்சீங்க?” என்றான். நான் முழுக் கதையையும் சொன்னேன். அடுத்த நாளே படத்தைத் தேடி எடுத்து டீவியில் போட்டு, நிறுத்தி நிறுத்தி எனக்கு விளக்கினான். அண்ணன் மைக்கோடு நின்ற மாதிரியே ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

குடை வந்தது. “மம், இதுதான் பெரிய ஜோக். பிளேனுக்குள்ள மழை பெய்யாதே!”

“ஏன் பெய்யாது? கூரையில ஓட்டை இருந்தா ஒழுகத்தானே செய்யும்.”

அவன் சிரித்தான். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். “உங்க வீட்டுக்குள்ள மழை பெஞ்சுச்சா?” என்றான்.

“பெய்யாம?”

அவனுக்கு நம்ப முடியவில்லை. பிறந்து வளர்ந்த வீட்டைப் பற்றி நான் அவனுக்கு ஒன்றுமே சொல்லவில்லை போலும். இதில் யார் யாரை விட்டு விலகிப் போனோம் என்றுகூட எனக்குக் குழப்பம் வந்துவிட்டது. முன்பு ஒருமுறை அண்ணனை இங்கே அழைத்துப் பார்க்கலாம் என்று விசா விண்ணப்பத்தைக் கம்ப்யூட்டரில் நிரப்பினோம். ‘வீட்டு இலக்கம்’ என்று கேட்டது. லயத்துக்கு ஏது இலக்கம்? ‘வீதியின் பெயர்’ என்றது. மேட்டு லயம், கோயிலுக்கு மேலே, நாலாவது காம்பரா என்றேன். கடிதமெல்லாம் தோட்டத்து ஒஃபிசுக்குத்தான் வரும் என்றேன். பெட்டியை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியவில்லை, சிவப்பில் கத்திக்கொண்டே இருந்தது. “மம், மாமா எங்கதான் இருக்கார்?” என்று ஜோயல் கேட்டான். எரிச்சலில் கம்ப்யூட்டரை மூடிவிட்டு எழுந்துபோனேன். அவன் அன்றைக்குக் கேட்டது வம்புக் கேள்வி என்று நினைத்தேன். இப்போது பார்த்தால் நிஜமாகவே கேட்டிருக்கிறான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணனுக்கு வீடியோ கோல் எடுத்தோம். நான் தடுப்பதற்குள் ஜோயல் தன் உடைந்த தமிழில் ஆரம்பித்துவிட்டான். “மாமா, அந்தப் பிளேன் படம் பாத்தேன். நீங்க சொன்ன கதை அதவிட நல்லாருக்கு. நீங்க ஏன் சிரிக்கல?”

நான் போனைப் பிடுங்கப் போனேன். திரையில் அண்ணனின் முகம் கறுத்தது. 

“டேய் மருமகனே, எங்க தோட்டத்துல இங்கிலீஷ் பேசுறவன் சிரிக்காமப் பேசுனா அது உத்தரவு” என்றான். “இல்லாட்டி ஒஃபிஸ்ல இருந்து வந்த கெட்ட சேதி. இங்கிலீஷ்ல சிரிப்பு வேற இருக்குன்னு யாரு கண்டா?”

அப்புறம் என்னிடம், “உன் மகன் என்னயக் கேலி பண்றானா புள்ள?” என்றான்.

“தெரியலண்ணே” என்றேன். நிஜமாகவே தெரியவில்லை.

அவன் போனை வைத்துவிட்டான். அதற்குப் பிறகு நான் எடுத்தாலும் அண்ணிதான் பேசினாள்.

5

இப்போது மழை விசயத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் மேட்டு லயத்துக்குப் பின்னால் தேயிலை மலை. அந்த மலை சரியலாம் என்று அதிகாரிகள் வந்து பார்த்து, அண்ணனைத் தொண்டராகப் போட்டு, மழை அளக்கிற ஒரு போத்தலும் கையில் பிடித்துப் பேசுகிற ஒரு ஒலிபெருக்கியும் கொடுத்திருந்தார்கள். போத்தலில் கோடு தாண்டினால் அவன் கூப்பிட வேண்டும், லயத்துச் சனம் கீழே கோயில் மண்டபத்துக்கு இறங்கிவிட வேண்டும். அவனும் கூப்பிட்டான், சனமும் இறங்கியது. ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி கூப்பிட்டான். மறுபடி ஒன்றும் நடக்கவில்லை. போய் வந்த நேரத்தில் குரூஸ் அண்ணனின் சேவலை யாரோ அடித்துத் தின்றுவிட்டார்கள். புதுவீடு தருவதாகச் சொன்னவர்களையும் காணோம். பிறகு யார் போவார்கள்? அதுவும் கூப்பிடுகிறவன் யார்? விழாத பிளேனை விழுது விழுது என்று சொல்லி ஊரையே அழ வைத்தவன்.

கார்த்திகை மாதம் ஒரு சனிக்கிழமை காலை. நான் வேலைக்குக் கிளம்பச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அங்கே பகல் சாப்பாட்டு நேரம் தாண்டியிருக்கும். அண்ணனே கோல் எடுத்தான். பின்னால் தகரத்தில் மழை அடிக்கிற சத்தம், அவன் கத்தித்தான் பேசினான்.

“போத்தல் நெறஞ்சு வழியுது புள்ள. சிவப்பு எச்சரிக்கைன்னு சிங்களத்துல மெசேஜ் வந்துருச்சு. தேயிலைக்குள்ள நிலம் வெடிச்சிருக்கு, காலை விட்டா முழங்கால் வரைக்கும் போவுது. பீலித் தண்ணி மண்ணாட்டம் வருது.”

“அப்ப எல்லாரையும் எறக்குண்ணே!”

“ஒருத்தனும் வர மாட்டேங்கிறான். காலையில இருந்து கத்துறேன். நான் கத்தக் கத்தச் சிரிக்கிறானுங்க. ‘பிளேன் விழுதாம், எல்லாரும் குதிங்கடா’ன்னு குரூஸ் கத்துறான். உள்ள பச்சப்புள்ளைங்க இருக்கு ஸ்டெல்லா.”  

“நீயும் அண்ணியுமாவது போங்கண்ணே. உன்னைக் கெஞ்சிக் கேக்குறேன்.”

“அவ போயிட்டா. நான் எப்புடிப் போறது?” என்றவன், அடுத்து, “ஜோயலு இருக்கானா? அவன்கிட்டக் குடு” என்றான்.

தூங்கிக்கொண்டிருந்தவனை உலுக்கி எழுப்பினேன். ஸ்பீக்கரில் போட்டேன்.

“மருமகனே, அந்தப் படத்துல எது எது சிரிப்புன்னு ஒண்ணொண்ணாச் சொல்லு. வெரசாச் சொல்லு, போன்ல சார்ஜ் இல்ல.”

என் அண்ணனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். மலை சரியப் போகிறது, மனிதன் சினிமாக் கதை கேட்கிறான்! “அண்ணே, உனக்கு என்னா பைத்தியமா?” என்று கத்தினேன். “நீ சும்மா இரு புள்ள” என்று அவனும் கத்தினான். ஜோயல் கண்ணைக் கசக்கிக்கொண்டு என்னைப் பார்த்தான், போனைப் பார்த்தான். பிறகு ஒரு கேள்வியும் கேட்காமல், தனக்குத் தெரிந்த தமிழில் சொல்ல ஆரம்பித்தான். கேப்டனுக்குப் பிளேன் ஓட்டத் தெரியாது மாமா, அம்மாகிட்ட கேக்கிறார், அது சிரிப்பு. டாக்டர் ஆளை மாத்திக் கட்டுப் போடுறார், அது சிரிப்பு. விழப் போற நேரம் சீனி கேக்கிறா, அது சிரிப்பு. அண்ணன் ஒவ்வொன்றையும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரித் திருப்பிச் சொன்னான்.

“குடை மாமா. பிளேனுக்குள்ள குடை. அதுதான் பெரிய சிரிப்பு.”

மழைச் சத்தத்துக்கு மேலாக, “அதுவுமா சிரிப்பு?” என்றான் அண்ணன்.

“ஆமா மாமா.”

“சரி” என்றான். லைன் அறுந்துவிட்டது.

6

எத்தனை தரம் எடுத்தும் போன் போகவில்லை. அண்ணியின் போனும் போகவில்லை. எங்கள் தோட்டத்துக்குப் பக்கத்தில் ஹல்துமுல்லையில் ரோட்டில் மண் விழுந்து மறித்துவிட்டது என்று மட்டும் செய்தியில் பார்த்தோம். வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது, வேலைக்குப் போனேன். ஜோயல் தானாகவே கூட வந்து வரவேற்பறையில் போனும் கையுமாக உட்கார்ந்துகொண்டான்.

டெரெக்கின் கோப்பை நிறைந்ததுகூடத் தெரியாமல் தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டே இருந்தேன், தட்டெல்லாம் வழிந்தது. டெரெக் என்னவென்று கேட்டார். அண்ணன், மழை, மலை என்று உளறினேன். அவர் நெற்றியைச் சுருக்கி, “மலைக்கு அசைய அனுமதி இல்லையே. யாரிடமாவது முறைப்பாடு கொடுக்க வேண்டும்” என்றார். தேத்தண்ணியை அவர் தலையில் ஊற்றலாமா என்று வந்தது எனக்கு. பகிடியா பண்ணுகிறாய், பாவி மனுசா! அவரோ தன் தட்டிலிருந்த பிஸ்கட்டை என் பக்கம் தள்ளிவிட்டு, அதே முகத்தோடு, “நீ பாட வேண்டாம்” என்றார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து அதைத் தின்றேன். அவர் பகிடி பண்ணினாரா, ஆறுதல் சொன்னாரா என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

மறுநாள் காலை பூசைக்குக் கிளம்புகிற நேரத்தில் தெரியாத நம்பரிலிருந்து கோல் வந்தது. அண்ணன். யாருடைய போனிலோ பேசினான். குரலைக் கேட்டதும் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு ஜோயலைக் கூப்பிட்டேன். அவன் ஓடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

முதல் நாள் லைன் அறுந்ததும் அண்ணன் ஒலிபெருக்கியை எடுத்துக்கொண்டு லயத்து வாசலில் போய் நின்றிருக்கிறான். “பயணிகள் கவனத்துக்கு! பிளேன் சேவியர் பேசுறேன்!” என்று சொல்லியிருக்கிறான். அந்தப் பெயர் அவன் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை. அதற்காகப் பாதி லயத்தோடு பேசாமல் இருந்தவன் அல்லவா! ஒரு காம்பராவில் சிரிப்புக் கேட்டதாம். பிறகு ஒரு கதவு திறந்ததாம்.

“அன்னைக்கு உங்கள ஏமாத்தி அழவச்ச படத்த, இன்னைக்கு மண்டபத்துல சிரிக்கச் சிரிக்கச் சொல்லப் போறேன். ஒரே ஒரு ஷோதான். பாய் கொண்டு வாங்க, கம்பளி கொண்டு வாங்க, புள்ளைகளத் தூக்கிட்டு வாங்க. டிக்கட் இல்ல, அடையாள அட்டையக் காட்டுனாப் போதும்!”

“அடையாள அட்டையா?” என்றேன்.

“பின்ன? எல்லாம் போயிட்டா அது வேணுமில்ல?” என்றான்.

லயத்தில் கரண்டும் இல்லை, செய்ய வேலையும் இல்லை. பிளேன் சேவியர் தன் வாயாலேயே தன் மானத்தை விற்கப் போகிறான் என்றால் யார்தான் விடுவார்கள்? சனம் சிரித்துக்கொண்டே இறங்கியதாம். நடக்க முடியாதவர்களை நாற்காலியோடு தூக்கி வந்தார்களாம். குரூஸ் அண்ணன் முன்வரிசையில் இடம் பிடித்தாராம், கேலி பண்ண வசதியாக இருக்கட்டும் என்று. அண்ணன் தலையில் துண்டைக் கட்டிக் கேப்டனானான். அதே துண்டை இடுப்பில் கட்டிப் பணிப்பெண்ணானான். “சீனி போடவா? இன்னும் கொஞ்ச நேரத்துல விழப் போறோம், சீனி வியாதிக்குப் பயப்படாதீங்க” என்று அவன் குழைந்தபோது, அன்றைக்கு அழுத பெண்களே இன்றைக்குச் சேலையை வாயில் வைத்துச் சிரித்தார்களாம். கதை சொல்லும்போதே அண்ணன் குரலில் லேசாக ஒரு பெருமை எட்டிப் பார்த்தது.

“அப்புறம் குடைய விரிச்சேன் புள்ள. நான் நின்ன எடத்துலதான் மண்டபத்துக் கூரையும் ஒழுகுது. சொட்டுச் சொட்டா குடை மேல விழுது. சனம் விழுந்து விழுந்து சிரிக்குது. அப்பத்தான் சத்தம் கேட்டுச்சு.”

 ஜோயல் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

“சனங்க நான் வாயால பண்ணுன சத்தம்னு நெனச்சிருச்சு. பிளேன் விழுற சத்தம்னு. இன்னும் சத்தமாச் சிரிச்சாங்க, கைதட்டுனாங்க. எனக்கு மட்டுந்தான் தெரியும், நான் பண்ணலன்னு. குடைய மடக்குனா எல்லாரும் வெளிய ஓடுவாங்க. அந்த நேரம் ஓடக் கூடாதில்ல? அதனால குடையோட அப்படியே நின்னேன். என் காலு ரெண்டும் ஆடுது. அதுக்கும் சிரிச்சாங்க.”

பிறகு மண் வாசம் மண்டபத்துக்குள் வந்ததாம். சிரிப்பு ஒவ்வொரு ஆளாக நின்றதாம். மழை சற்று விட்டதும் நாலைந்து பேர் மேலே போய்ப் பார்த்தார்கள். மேட்டு லயத்தில் கோயில் பக்கம் இருந்த காம்பராக்களில் சில மட்டும் மிச்சம். எங்கள் காம்பரா இல்லை. குரூஸ் அண்ணனின் காம்பரா இல்லை. ஆள் ஒருவர் குறையவில்லை. அண்ணி பெயர் சொல்லிக் கூப்பிட்டு மூன்று தரம் எண்ணிப் பார்த்தாளாம்.

மண்டபம் முழுக்க அழுகை. பிள்ளைகளுக்கு எதுவும் விளங்கவில்லை, பெரியவர்கள் சிரிப்பதும் அழுவதுமாக இருக்கிறார்களே என்று மலங்க மலங்க விழித்தார்களாம். குரூஸ் அண்ணன் சுவரோரம் உட்கார்ந்திருக்கிறார். இருட்டுவதற்கு முன்னால் எழுந்து அண்ணனிடம் வந்தாராம்.

“வீடுன்னு போறதுக்கு எடமில்ல. மிச்சக் கதையையும் சொல்லு சேவியரு” என்றாராம். பிளேன் என்று சொல்லவில்லை. “ஆனா இந்தத் தடவ, அழணுமா சிரிக்கணுமா, அத மொதல்லயே சொல்லிப்புட்டு ஆரம்பி.”

“நீ என்னாண்ணே சொன்ன?” என்றேன்.

“‘அழவா சிரிக்கவான்னு எனக்கும் தெரியலண்ணே, பிளேன் எறங்கிருச்சு, எல்லாரும் உள்ளதான் இருக்கோம்’னு சொன்னேன்” என்றான் அண்ணன். பிறகு, “மருமகன்கிட்டக் குடு” என்றான்.